கடலோரத்தில் ஒரு சான் ஸ்டார்ம்: வீட்டு முற்றத்தில் வைத்து மேம்படுத்துவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், புதுச்சேரிப் பதிவெண் கொண்ட, இருபது ஆண்டுகளுக்கு மேல் பழையதான சான் ஸ்டார்ம் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே வேலை பார்க்க விரும்புவதாகவும், கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருப்பதாகவும், பெரிய எஞ்சின், அகலமான சக்கரம், தாழ்த்திய சஸ்பென்ஷன், முழங்கும் சைலன்சர் ஆகிய நான்கில் எதில் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் இதே காரைப் பல ஆண்டுகளாக வைத்துப் பராமரித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நண்பரே, அந்த நான்கில் எதிலும் தொடங்க வேண்டாம். உங்கள் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அதற்கு இருந்த வலுவும் பிடிப்பும் இன்று அதில் இல்லை. இறுகிய பிரேக் காலிப்பர், தேய்ந்த பிஸ்டன் ரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளில் வெடித்த ரப்பர் புஷ், துருப்பிடித்த எர்த் இணைப்பு என்று ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திருடிக்கொண்டு போயிருக்கின்றன. போனதை மீட்பதே முதல் மேம்பாடு. அதை முடித்த பிறகு ஓட்டிப் பார்த்தால், நீங்கள் கேட்டவற்றில் பாதி தேவையில்லை என்று உங்களுக்கே தோன்றும் என நம்புகிறேன்.

காரைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவாவில் தயாரான இந்த இருவர் அமரும் திறந்த காருக்கு உடல் முழுவதும் ஃபைபர், அதாவது கண்ணாடியிழை. அதைத் தாங்குவது எஃகுச் சேஸ் எனப்படும் அடிச்சட்டம். எஞ்சின் ரெனோ நிறுவனத்தின் டி7எஃப்: 1149 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, ஏறக்குறைய 60 குதிரைத்திறன். ஐரோப்பாவில் கிளியோ, ட்விங்கோ ஆகிய சிறிய கார்களில் இதே எஞ்சின் ஏராளமாக ஓடியது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகம் தேடும்போது காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார், எஞ்சின் குறியீட்டைச் சொல்லிக் கேட்டால் வழி பிறக்கும். புதுச்சேரியில் பிரான்சில் உறவினர் இல்லாத தெரு குறைவு. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேஸ்கெட் தொகுப்பு எல்லாம் ஒரு பெட்டியின் மூலையில் அடங்கிவிடும் பொருள்கள். என் வண்டிக்கான பெல்ட் அப்படித்தான் ஒரு கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை சேஸ். ஃபைபர் உடல் துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் அதுவே கடலோரத்தில் பெரிய ஆபத்தாகிறது. தகர உடல் கொண்ட காரில் துரு வந்தால் பெயின்ட் கொப்பளித்து நமக்கு முன்னரே சொல்லிவிடும். ஃபைபர் காரில் வெளித்தோற்றம் பளபளவென்று இருக்க, உள்ளே சேஸ் குழாய் காகிதம் போல மெலிந்துகொண்டே வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாலைக் காற்றில் ஓட்டிவிட்டு வந்து கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். அந்த உப்புதான் சேஸின் மூலைமுடுக்குகளிலும் படிந்து, ஈரக்காற்றை இழுத்து வைத்துக்கொண்டு இரவும் பகலும் இரும்பைத் தின்கிறது. ஆகவே காரைத் தூக்கி நிறுத்தி, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சேஸ் முழுவதையும், குறிப்பாக சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் குழாய்கள் சேரும் வெல்டிங் முனைகளையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், அழுத்தினால் உள்ளே போகும்.

தூக்கி நிறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்டுகள் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. நம் பக்கத்து முற்றங்களில் பெரும்பாலும் மணல் தரை அல்லது மணல்மேல் பதித்த கல். ஸ்டாண்டின் சிறிய கால்கள் அதில் மெல்ல இறங்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை வைத்து, காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். கழற்றிய சக்கரங்களையும் சேஸுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால், எது நழுவினாலும் அடியில் இருக்கும் நீங்கள் நசுங்க மாட்டீர்கள்.

மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுவதும் உலரவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசி, துத்தநாகம் செறிந்த பிரைமர் அடிக்கலாம். குழாய்களின் உட்புறத்துக்கு மெழுகு வகைத் துருத்தடுப்பான் உண்டு. நீண்ட நாசில் வைத்துத் தெளிக்க வேண்டும். துருவின்மேல் அப்படியே கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிக்கும் வழக்கத்தை மட்டும் ஏற்காதீர்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, பார்வைக்கும் மறைத்துவிடும். ஓட்டை விழுந்த இடத்துக்கு வெல்டிங்தான் மருந்து. அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. பேட்டரியையும் எஞ்சின் கட்டுப்பாட்டு யூனிட்டையும் கழற்றி வைத்து, பெட்ரோல் டேங்கை இறக்கி, பக்கத்திலிருக்கும் ஃபைபரை ஈரச் சாக்கால் மூடாமல் அவரைத் தொடங்க விடாதீர்கள்.

இரண்டாவது வேலை எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இதை அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் தவறவிடுகிறார்கள். சாதாரணக் காரில் விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாம் உடல் தகரம் வழியாகவே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் கம்பி சேஸ் வரை ஓட வேண்டும், அந்தக் கம்பி சேஸைத் தொடும் இடத்தில்தான் உப்பு வேலை செய்கிறது. இன்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது, ஃபேன் ஓடும்போது வெப்பமானி ஏறி இறங்குகிறது என்றால் அது பெரும்பாலும் எர்த் கோளாறு. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கெட்டது. எல்லா எர்த் போல்ட்டுகளையும் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். என் காரில் இதைச் செய்த அன்று ஐட்லிங் நடுக்கம் நின்றுவிட்டது. அதற்கு முன் ஒரு பட்டறையில் அதே நடுக்கத்துக்கு இன்ஜெக்டர் மாற்றச் சொல்லிப் பெரிய தொகை வாங்கியிருந்தார்கள், நடுக்கம் நிற்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் மீட்டரைக் கையில் எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

உடல் வேலைக்கு நம் ஊரைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. கார் பட்டறைகளில் ஃபைபர் விரிசலைப் பட்டி வைத்து மறைத்துப் பெயின்ட் அடித்துத் தருவார்கள். ஆறு மாதத்தில் விரிசல் அதே கோட்டில் திரும்ப வரும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர்களிடம் போய் நில்லுங்கள். அலையில் மோதிப் பிளந்த படகைக் கடலுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் அவர்கள். ஒரு காரின் ஃபெண்டர் அவர்களுக்குச் சிறு வேலை. பட்டியையெல்லாம் சுரண்டி எடுத்து, விரிசலின் இரு பக்கமும் ஃபைபரின் தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, சிறிய துண்டில் தொடங்கிப் பெரிய துண்டு வரை அடுக்கடுக்காகக் கண்ணாடியிழை மேட் வைத்து ரெசின் பூசுவதுதான் முறை. முடிந்தால் பின்பக்கத்திலும் ஓர் அடுக்கு வையுங்கள். பட்டி என்பது கடைசியில் மேற்பரப்பைச் சமமாக்க மட்டும்.

நீங்களே செய்வதானால் இரண்டு எச்சரிக்கைகள். பாலியெஸ்டர் ரெசினில் கோபால்ட் எனப்படும் முடுக்கியை முதலில் நன்றாகக் கலந்து முடித்த பிறகே, கேட்டலிஸ்ட் எனப்படும் பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். அவை இரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அலமாரியில் அடுத்தடுத்துக்கூட வைக்க வேண்டாம். கேட்டலிஸ்ட் துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம், ஆகவே கண்ணாடி அணியாமல் அதன் மூடியைத் திறக்காதீர்கள். மற்றொன்று பருவம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரெசின் ஒழுங்காக இறுகாது. சித்திரை வெயிலில் பூசி முடிக்கும் முன்பே கட்டியாகிவிடும். தை முதல் பங்குனி வரை, காலை வேளையில், நிழலில் செய்வதே நல்லது.

இப்போது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதன் கொதிநிலை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். நம் கடலோரக் காற்றில் ஈரம் ஏறுவதற்கு நீண்ட காலம் பிடிப்பதில்லை. தொடர்ந்து பிரேக் அழுத்தும்போது ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் தரை வரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் அசலாக இருந்தால் வயது கேட்காமல் மாற்றுங்கள். காலிப்பரின் வழுக்கும் ஊசிகளைக் கழற்றி, அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பவைத்து ஊசியை இறுக்கிவிடும். வேலை முடிந்ததும் சமதளத்தில் நியூட்ரலில் வைத்து ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். முன்பு இருவர் தள்ள வேண்டியிருந்த கார் இப்போது ஒரு கைக்கு நகர்ந்தால், இத்தனை நாளாக எஞ்சினின் வலு எங்கே போனது என்று விளங்கும்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் கம்ப்ரெஷன் சோதனை செய்யுங்கள்; பிளக் துளையில் அழுத்தமானியை வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பதுதான் அது. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால், அதில் ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த நான்கு எண்களையும் தேதியோடு எழுதி வைக்காமல் எஞ்சினுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், அது பார்க்க நன்றாக இருந்தாலும், டென்ஷனரோடும் வாட்டர் பம்போடும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

குளிர்விப்பில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று என்னை மிகவும் வருத்துகிறது. வண்டி சூடாகிறது என்றவுடன், எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் அதனால் உடனே பாதிப்புத் தெரியாமல் இருந்திருக்கலாம். இன்ஜெக்ஷன் எஞ்சினில், தண்ணீர் சூடாகவில்லை என்று சென்சார் சொன்னால் கட்டுப்பாட்டு யூனிட் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேன் ரிலேயையும் பார்த்துச் சரிசெய்து, புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள். கூலன்ட்டோடு கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம் போர் தண்ணீரின் உப்பு, அலுமினிய ஹெட்டுக்கு விஷம்.

அடுத்து பெட்ரோல் குழாய்கள். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது ஆண்டுக்கு முந்தைய ரப்பரை எத்தனால் இளக்கி வெடிக்கச் செய்யும், எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும். இன்ஜெக்ஷன் அழுத்தத்தைத் தாங்கும், எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஹோஸும் திருகு கிளாம்பும் போட்டால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீறிடும். அதற்குப் பக்கத்தில் இருப்பது எளிதில் பற்றும் ஃபைபர் உடல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தீயணைப்பான் காரிலும் ஒன்று முற்றத்திலும் இருக்கட்டும். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பழைய பெட்ரோலை டேங்கில் விட்டுவைக்க வேண்டாம்.

இத்தனையும் முடிந்த பிறகு வேகம் பற்றிப் பேசலாம். கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் வாங்கி போனட்டுக்குள் திறந்தபடி மாட்டினால் சத்தம் கூடும், வலு குறையும். காற்று மூன்று டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் போனட்டுக்குள் 60 டிகிரிக் காற்றை உறிஞ்சும் எஞ்சின், ஏழு சதவீதத்துக்கு மேல் காற்றை இழக்கிறது. 60 குதிரைத்திறனில் அது நான்குக்கும் மேல். அசல் ஃபில்டர் பெட்டியை வைத்துக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும் குழாயை விரிசலின்றிப் பொருத்துவதே நான் கண்ட சிறந்த மேம்பாடு. அந்தக் குழாயின் வாய் தாழ்வாக இருக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நம் தெருக்களில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்ற ஐயம் வந்தால் சாவியைத் திருப்பாமல் பிளக்குகளைக் கழற்றுங்கள்; தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

வலுவைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பது மலிவு. லாரி எடை மேடையில் ஒருநாள் காரை நிறுத்தி எடை பாருங்கள். 800 கிலோ என்று வைத்துக்கொண்டால், பழைய ஸ்பீக்கர் பெட்டி, தண்ணீர் ஊறிய கார்பெட், யாரோ அடித்த பட்டிக் குவியல் என்று 40 கிலோவை இறக்குவது, மூன்று குதிரைத்திறன் சேர்ப்பதற்குச் சமம். பிரேக்குக்கும் டயருக்கும் அதே நன்மை கூடுதலாகக் கிடைக்கிறது.

சஸ்பென்ஷனைத் தாழ்த்த வேண்டாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள சுமார் 22 கிலோமீட்டரில் எத்தனை வேகத்தடை என்று உங்களுக்கே தெரியும். ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் ஜோடியாகப் புதுப்பித்து, அலைன்மென்ட் பார்த்தால் கார் வேறு காராகிவிடும். ஒரு நுணுக்கம்: புஷ் போல்ட்டுகளைக் கார் ஸ்டாண்டில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் அமர்ந்து, கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். சக்கரத்தின் அளவையும் பெரிதாக்காதீர்கள், அசல் அளவில் நல்ல டயர் போதும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தரையைத் தொடும் வரிப்பூ எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய டயர் மழைச் சாலையில் பிடிக்காது.

எஞ்சின் மாற்றத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதே. சேஸும் பிரேக்கும் 60 குதிரைத்திறனை எண்ணிச் செய்யப்பட்டவை. சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். முழங்கும் சைலன்சருக்கும் இதே பதில். ஓட்டையில்லாத அசல் வகைச் சைலன்சரும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யும் நிலையிலும் இருந்தால் புகைச் சான்றிதழில் சிக்கல் வராது.

பதிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காருக்குத் தகுதிச் சோதனை செய்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் கார் PY-01 வரிசையில் இருப்பதால், கடலூரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டியதும் அவசியம். புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கும்போது சேஸ் எண்ணைப் பார்ப்பார்கள். துருவைத் தேய்க்கிறேன் என்று அந்த எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரை வைத்துவிடாதீர்கள். அங்கே கைப்பிரஷும் கொஞ்சம் மெழுகும் போதும்.